திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமும் தமிழ்த்துறையும்: 1956ஆம் ஆண்டு எல்லை மாற்றத்திற்கு முன்னும் பின்னும்

முன்னுரை

பல்கலைக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், துணைவேந்தர்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஒரு பல்கலைக்கழகம் எந்த நிலப்பகுதியின் மாணவர்களுக்காகத் தோற்றுவிக்கப்பட்டதோ அந்நிலப்பகுதியின் எல்லையே மாறிவிடும்போது அதனுள் இயங்கும் ஒரு துறைக்கு என்ன நேர்கிறது என்பது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. 1937ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டு அதே நவம்பர் 1ஆம் நாள், தமிழ் பேசும் தென்வட்டங்கள் அதன் எல்லையிலிருந்து பிரிந்தன. இவ்விரு நாள்களுக்கு இடையிலும் அதன் பின்னரும் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அடைந்த மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர் பரப்பை இழந்த துறை, ஆய்வுப் பரப்பை விரிவாக்கிக் கொண்டதன் வாயிலாகவே தனக்குரிய இடத்தைத் தக்கவைத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பல்கலைக்கழகத்திற்கு முன்

தென் திருவிதாங்கூரில் உயர்கல்வியின் வரலாறு பழமையானது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலை நிறுவப்பட்டதையும், அதில் 95 சட்டர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டதையும் கூறுகிறது. மூன்று அரசுகளின் நடைமுறைகளுக்குப் பயன்படும் அறிவும் அங்குப் பயில்வோருக்குரிய தகுதியாகச் சுட்டப்படுகிறது. சேர, பாண்டிய நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் பகுதியில் அமைந்த ஒரு கல்வி நிலையம், ஓர் அரசின் தேவையை மட்டும் கருதி இயங்கவில்லை என்பதற்கு இது சான்றாகும். எனினும் அக்கல்வி வேதம் பயிலும் பிரிவினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. கல்வி நிலையங்களின் கதவுகள் அனைவருக்கும் திறக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி போன்றோர் நடத்திய பள்ளி நுழைவுப் போராட்டங்கள் தேவைப்பட்டன.

தற்கால உயர்கல்வி, சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற பள்ளியிலிருந்து வளர்ந்தது. அப்பள்ளி 1866இல் கல்லூரியாக உயர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மகாராசர் கல்லூரி எனப் பெயர் பெற்றிருந்த அந்நிறுவனமே பிற்காலத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்கலாயிற்று. இக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897). ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அவர் 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். திருஞானசம்பந்தரின் காலம் குறித்தும், திருவிதாங்கூரின் பண்டைய அரசர்கள் குறித்தும் கல்வெட்டுச் சான்றுகளின் துணையுடன் ஆராய்ந்தார். தமிழுக்கெனத் தனி ஆய்வுத்துறை ஏதும் இல்லாத காலத்தில், தத்துவம் கற்பித்த ஒருவரால் தமிழிலக்கியக் கால ஆராய்ச்சிக்கு வழிகோலப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, கவிஞராக அறியப்பட்டதோடு காந்தளூர்ச் சாலை பற்றிய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 1910 முதல் வெளிவரத் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை, வட்டெழுத்திலும் தமிழிலும் அமைந்த கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அறிஞருலகிற்குக் கொண்டுவந்தது. ஆகவே, பல்கலைக்கழகம் தோன்றும் முன்பே தமிழாய்வுக்குரிய மூலங்களும் மரபும் திருவனந்தபுரத்தில் உருவாகியிருந்தன எனலாம்.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியான 1936ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டில், சித்திரைத் திருநாள் பலராமவர்ம மன்னரின் அரசாணையால் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மன்னர் வேந்தராகவும், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் முதல் துணைவேந்தராகவும் அமைந்தனர். அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த சமத்தானத்துக் கல்லூரிகள் பத்து, புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1893இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்திருந்த நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. செயலில்தான் அறிவு வெளிப்படும் என்னும் பொருளுடைய வடமொழித் தொடரைப் பல்கலைக்கழகம் தன் குறிக்கோளுரையாக ஏற்றது.

ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த திருவனந்தபுரம் ஓலைச்சுவடித் தொகுப்பு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது அதன் முதற்கால நிகழ்வுகளுள் முதன்மையானது. 1905இல் தொடங்கிய திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையும், அதன் பதிப்பாசிரியர் த. கணபதி சாத்திரியார் பாசனின் நாடகங்கள் எனக் கண்டறிந்து வெளியிட்டவையும் இத்தொகுப்பின் பெருமையை உலகறியச் செய்திருந்தன. வடமொழி, மலையாளம், தமிழ் ஆகிய மொழிகளின் சுவடிகள் ஒரே கூரையின் கீழ் அமைந்தமை, ஒரு மொழியை மட்டும் பயின்று அங்கு ஆய்வு செய்வதைக் கடினமாக்கியது. அதுவே பிற்கால ஒப்பாய்வுக்கு நல்வாய்ப்பாயிற்று.

தமிழ் இருக்கை

பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கெனத் தனித்துறை அமைய, 1940களில் வள்ளல் இராம. அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். அரசின் பொருளுதவியால் அன்றி, காரைக்குடிப் பகுதியைச் சார்ந்த ஒரு தனிமனிதரின் கொடையால் சமத்தானப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் வேரூன்றியது கருதத்தக்கது. மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்படாத காலத்தில், தமிழுக்குச் செய்யும் கொடை எந்த அரசின் எல்லைக்குள் சேர்கிறது என்பது வினாவாகவே எழவில்லை.

இத்துறையின் வரலாற்றில் 1951 முதல் 1954 வரையிலான காலம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை துறைக்குத் தலைமை ஏற்றிருந்தார். இளமையில் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய அவர், 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராகவும், பின்னர் அங்குத் தமிழ் ஆராய்ச்சித்துறைத் தலைவராகவும் விளங்கியவர். 1940இல் சங்க இலக்கியம் முழுவதையும் ஒரே தொகுப்பாகப் பதிப்பித்தவர். ஓய்வுக்குப் பின் மீண்டும் திருவனந்தபுரம் வந்த அவர், மொழிச் சான்றுகளின் அடிப்படையில் நூல்களின் காலத்தைத் துணியும் முறையைத் தம்முடன் கொண்டுவந்தார். அவர் கண்ட முடிபுகள் பல பின்னர் மறுக்கப்பட்டுள்ளன. ஆயினும், ஒரு சொல் அல்லது விகுதி எந்நூலில் முதன்முதலாக வருகிறது என்று கேட்கும் அவரது அணுகுமுறை, அத்துறையின் பிற்காலப் பணிகளோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது.

அவர் துறைத்தலைவராக இருந்த காலத்திலேயே, 1953இல், சூரநாடு குஞ்ஞன் பிள்ளையின் பொறுப்பில் மலையாளப் பேரகராதித் திட்டம் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. மலையாளத்திலும் தமிழிலும் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த உள்ளூர் ச. பரமேசுவர ஐயரின் கேரள இலக்கிய வரலாறும் அவர் மறைவுக்குப் பின் 1953 முதல் பல்கலைக்கழகத்தாலேயே பகுதி பகுதியாக வெளியிடப்பட்டது. மலையாளப் பேராசிரியராக விளங்கிய இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, சங்கப் பாடல்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் அடிப்படையாகக் கொண்டு கேரள வரலாற்றை எழுதினார். தமிழறிவு இன்றி மலையாள வரலாறு எழுத இயலாது என்பது அந்த வளாகத்தில் கொள்கையாக அன்றி நடைமுறையாகவே இருந்தது.

நாகர்கோவில் சாலையும் வளாக வாழ்வும்

அக்கால மாணவர் வாழ்வைத் தீர்மானித்ததில் திருவனந்தபுரம் – நாகர்கோவில் சாலைக்குப் பெரும்பங்கு உண்டு. பல்கலைக்கழகம் தோன்றிய சில மாதங்களில், 1938 பிப்ரவரியில், திருவிதாங்கூர் அரசுப் பேருந்துப் போக்குவரத்து தொடங்கியபோது தொடக்கத்திலேயே பேருந்துகள் ஓடிய தடங்களுள் இச்சாலையும் ஒன்று. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. ஆதலின் நாஞ்சில் நாட்டு மாணவர்கள் பட்டப்படிப்புக்கும் முதுகலைப் படிப்புக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவைச் சாலை வழியாகவே கடந்து தலைநகருக்கு வந்தனர்.

பாளையம் பகுதியில் பல்கலைக்கழகக் கல்லூரி, பேரவை மண்டபம், 1942இல் அமைந்த பல்கலைக்கழக நூலகம் ஆகியவை நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன. அவற்றுக்குத் தெற்கே உள்ள சாலைக் கடைவீதியில் தமிழ் வணிகர்கள் பலர் இருந்தமையால், தமிழ் மாணவர்களுக்கு அந்நகரம் அயல்நகரமாகத் தோன்றவில்லை. வகுப்பறையில் ஆங்கிலமும், விடுதியிலும் தெருவிலும் மலையாளமும் தமிழும் கலந்து வழங்கின. இந்நகரின் தமிழ் வழக்கையும் மனிதர்களையும் பிற்காலத்தில் நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970), ஆ. மாதவனின் சாலைத்தெருக் கதைகள் ஆகியவை இலக்கியமாக்கின.

எல்லை மாற்றம்

1940களின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டுமெனக் கோரியது. ஏ. நேசமணி அவ்வியக்கத்தின் முதன்மைத் தலைவராக விளங்கினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1955இல் மாநில மறுசீரமைப்புக் குழு அளித்த அறிக்கையின்படி, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் அவ்வாறே சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

அரசியல் நிலையில் இது தமிழ் மக்களின் கோரிக்கை நிறைவேறிய நிகழ்வாகும். ஆனால் கல்வி நிலையில் இதே நிகழ்வு திருவனந்தபுரத்துத் தமிழ்த்துறைக்கு வேறொரு பொருள் கொண்டது. துறைக்கு மாணவர்களை வழங்கிய முதன்மைக் கல்லூரிகளான ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும், 1952இல் தோன்றிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சென்றன. 1966இல் அவை மதுரைப் பல்கலைக்கழகத்துடனும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடனும் இணைந்தன. ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1937 முதல் 1990 வரையிலான காலத்தில் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே நான்கு முறை பல்கலைக்கழகம் மாறியது. இறுதியாக அது சேர்ந்த பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்துப் பேராசிரியர் ஒருவரின் நூலாலும் பெயராலும் அழைக்கப்படுவது வரலாற்றின் பொருத்தம் எனலாம்.

1957ஆம் ஆண்டுக் கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் எல்லை வடக்கே மலபார் வரை விரிந்தது. தெற்கே தமிழ் வட்டங்கள் நீங்கின. பின்னர் 1968இல் கோழிக்கோடு, 1983இல் கோட்டயம் ஆகிய இடங்களில் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது வடக்கு எல்லையும் சுருங்கியது. தமிழ் கற்பிக்கும் சிற்றூர் அரசுக் கல்லூரி உள்ளிட்ட பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோட்டின் எல்லையில் அடங்கின. இவ்வாறாகக் கேரளத் தமிழரின் பெரும் குடியிருப்புகளுள் பலவும் தமிழ்த்துறையின் நேரடி எல்லைக்கு வெளியே சென்றன.

சொல்லடைவுகளின் காலம்

இச்சூழலில் துறை தன் பணியின் இயல்பையே மாற்றிக்கொண்டது. இம்மாற்றத்திற்குக் காரணமானவர் வ.அய். சுப்பிரமணியம் (1926–2009). நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் பிறந்த அவர், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். தாம் பிறந்த ஊர் தமிழகத்தோடு சேர்ந்தபின்னும் அவர் திருவனந்தபுரத்திலேயே பணியாற்றினார். 1962இல் அவரது புறநானூற்றுச் சொல்லடைவு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

சொல்லடைவு என்பது வெறும் அகரவரிசைப் பட்டியல் அன்று. ஒரு நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும், அதன் வேற்றுமை ஏற்ற வடிவங்களையும், வினைமுற்று, எச்ச வடிவங்களையும் பிரித்து, அவை வரும் பாடல், அடி எண்களுடன் தருவதாகும். கணிப்பொறி பயன்பாட்டுக்கு வருமுன் இப்பணி பெரும் உழைப்பை வேண்டியது. இதன் பயன் இருவகைப்படும். முதலாவது, காலவாராய்ச்சிக்கு உறுதியான தரவு கிடைக்கிறது. சான்றாக, ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலை பழைய தொகைநூல்களில் பெரும்பாலும் காணப்படாமையை ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் நிறுவ இயலும். இரண்டாவது, தமிழ் – மலையாள உறவை ஆராய அடிப்படை கிடைக்கிறது. மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகள் இல்லாமையை, ‘புருஷபேத நிராசம்’ எனும் பெயரால் ஏ.ஆர். இராசராசவர்மா தம் கேரள பாணினீயத்தில் விளக்கினார். பழந்தமிழில் விகுதியுள்ள வடிவங்களும் ‘செய்யும்’ போன்ற பொதுவடிவங்களும் எவ்வெவ்விடத்து வருகின்றன என்பது தெரிந்தாலன்றி இக்கருத்தைச் சீர்தூக்க இயலாது.

இந்நெறியில் ச.வே. சுப்பிரமணியனின் அகநானூற்று இலக்கணமும் சொல்லடைவும் (1972), மா. இளையபெருமாளின் ஐங்குறுநூற்று இலக்கணமும் சொல்லடைவும் (1975) வெளிவந்தன. மணிப்பிரவாள இலக்கணமான லீலாதிலகத்தை இளையபெருமாள் தமிழாக்கியமை, இருமொழி அறிந்த ஆய்வாளர் செய்யக்கூடிய பணிக்கு எடுத்துக்காட்டாகும். இதே காலத்தில் 1963இல் மொழியியல் துறை தனியாக அமைந்தது. 1971இல் திராவிட மொழியியற் கழகமும், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியும் திருவனந்தபுரத்தில் தோன்றின. தமிழ்த்துறையின் வளர்ச்சி மலையாளம், கன்னடம், தெலுங்கு, எழுத்திலா மொழிகள் ஆகியவற்றின் ஆய்வுக்கும் வித்தாயிற்று.

இதன் மறுபக்கமும் சுட்டத்தக்கது. மேற்குறித்த இலக்கண ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பன்னாட்டு மொழியியலாரிடம் அவை சென்றுசேர ஆங்கிலம் உதவியது உண்மையே. எனினும் தமிழகத்துக் கல்லூரி ஆசிரியர்களும் புலவர்களும் அவற்றைப் பரவலாகப் பயன்படுத்தாமைக்கும் அதுவே ஒரு காரணமாயிற்று எனலாம். இலக்கியத் திறனாய்வை விட்டு மொழியமைப்பில் மட்டும் கவனம் குவிந்தது என்ற குறைபாடும் கூறப்படுவதுண்டு. இக்குறையைப் பல்கலைக்கழகக் கல்லூரியும் பிற இணைவுக் கல்லூரிகளும் ஓரளவு ஈடுசெய்தன. பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சி. ஜேசுதாசனும், ‘புத்தம் வீடு’ (1964) நாவலின் ஆசிரியரான அவர்தம் துணைவியார் ஹெப்சிபா ஜேசுதாசனும் இணைந்து எழுதிய ஆங்கிலத் தமிழிலக்கிய வரலாறு 1961இல் வெளிவந்தது. மார் இவானியோசு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி, நகுலன் என்ற பெயரில் புதிய தமிழ் எழுத்துக்கு முன்னோடியானார். துறையின் இலக்கண ஆய்வும் நகரின் படைப்பிலக்கியமும் அருகருகே வளர்ந்தன. ஆயினும் அவை ஒன்றையொன்று போதிய அளவு தழுவிக்கொள்ளவில்லை.

தமிழகம் பெற்ற பயன்

எல்லைக்கு வெளியே நின்ற துறை எல்லைக்குள் இருந்த நிறுவனங்களுக்கு ஆளுமைகளை வழங்கியது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தராக வ.அய். சுப்பிரமணியம் அமர்த்தப்பட்டார். ச.வே. சுப்பிரமணியன் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். இலக்கியம் மட்டுமன்றி சுவடி, கல்வெட்டு, மொழியியல், நாட்டுப்புறவியல், அறிவியல் எனப் பல புலங்களை ஒருங்கே கொண்டு தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்ததில், பன்மொழிச் சூழலில் பெற்ற பட்டறிவின் தடத்தைக் காணலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பன்மொழிப் பகுதி ஒன்றின் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. தமிழ் அதில் விருந்தினர் மொழியாக அன்றி, மண்ணின் மொழிகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது.

2. 1956ஆம் ஆண்டின் எல்லை மாற்றம் தமிழ் மக்களின் அரசியல் வேட்கையை நிறைவேற்றிய அதே வேளையில், திருவனந்தபுரத் தமிழ்த்துறையின் மாணவர் அடித்தளத்தைக் குறைத்தது. இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் விளைவுகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது வரலாறாகாது.

3. ஆசிரியர்களை உருவாக்கும் துறை என்ற நிலையிலிருந்து, சொல்லடைவும் இலக்கணமும் ஒப்பியலும் வழங்கும் ஆய்வுத்துறை என்ற நிலைக்கு மாறியதாலேயே அது நிலைபெற்றது.

4. ஆங்கிலத்தில் அமைந்த அவ்வாய்வுகள் தமிழில் வெளிவருவதும், சொல்லடைவுகள் கணினித் தரவுகளாக்கப்படுவதும் செய்யப்பட வேண்டிய பணிகளாகும்.

தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடப்படும்போது, பணியிடங்கள் நிரப்பப்படாமல் போவதும் துறைகள் பிற துறைகளோடு இணைக்கப்படுவதும் எளிதாகிவிடுகின்றன. காரியவட்டம் வளாகத்தில் இயங்கும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. அண்டை மொழியோடு வாழும் துறைதான் இரு மொழிகளின் பொது வரலாற்றை எழுத வல்லது. அப்பணியைத் தமிழகத்துத் துறைகள் அதற்கு மாற்றாக நின்று செய்துவிட முடியாது. மூன்று நாடுகளின் நடைமுறையை அறிந்தோரைப் பார்த்திவசேகரபுரத்துச் சாலை நாடியது போல, இரு மொழிகளின் மரபை அறிந்தோரை உருவாக்கும் பொறுப்பு இத்தகைய துறைகளுக்கு உண்டு. அப்பொறுப்பை நிறைவேற்றப் போதிய ஆசிரியர்களையும் ஆய்வு உதவியையும் வழங்குவது, துறையைக் கொண்ட மாநிலத்திற்கும் மொழிக்குரிய மாநிலத்திற்கும் பொதுவான கடமையாகும்.